சாயநீரும் கணக்கேடும்

தொழிலதிபர் ஒருவர் தம் ஆலையைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்ப மாற்றியமைப்பது எதனால்? மனச்சான்று என்பார் சிலர். விளம்பரம் என்பார் வேறு சிலர். வணிகவியல் பயிலும் நம்மவர்க்கோ இலாபம் என்ற ஒரே விடைதான் தோன்றும். திருப்பூரின் வரலாறு நான்காவது விடையொன்றையும் தருகிறது.

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமாயின், சாயநீரில் உப்பை மிகுதியாகக் கலக்க வேண்டும. சாயத்தை நூலின்பால் செலுத்துவதோடு உப்பின் பணி முடிகிறது. அது துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறுகிறது. சுண்ணாம்பு முதலியவற்றால் நிறத்தைக் குறைக்கலாம். கரைந்த உப்பை அவற்றால் அகற்ற இயலாது. ஆகவே, பார்வைக்குத் தெளிந்த நீரும் நொய்யலைக் கெடுத்தது. பாசனத்திற்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிற்று. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பது உழவர் வழக்கம். இங்கோ, திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது! அவர்கள் நீதிமன்றத்தை நாடினர்.

சாயப்பட்டறைக்காரர்கள் அனைவரும் நெஞ்சில் ஈரமற்றவர்களா? அப்படிச் சொல்வது நேர்மையாகாது. நீரை முற்றிலும் சுத்திகரிக்க முனையும் ஒருவர் கிலோவுக்குச் சில ரூபாய் கூலியை உயர்த்தியாக வேண்டும். மறுநாளே அவருடைய வேலை அடுத்த பட்டறைக்குப் போய்விடும். நல்லவராக இருக்க விரும்பியவருக்கும் அயலார் அதே செலவைச் செய்வார் என்ற உறுதி வேண்டியிருந்தது. அந்த உறுதியைத் தரவல்லது அனைவர்க்கும் பொதுவான சட்டமே. கழிவு சிறிதும் வெளியேறலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் விதித்தது. அது நிறைவேறாமற்போகவே, 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட ஆணையிட்டது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்து தவித்தனர். மீண்டும் திறந்தவை கழிவை வெளியே விடாமல் இயங்க வேண்டியதாயிற்று.

அதன்பின் கணக்கேடும் மாறியது. சவ்வுகளின் வழியே அழுத்தி வடிக்கும் முறையில் நீரின் பெரும்பகுதி தூயதாய்த் திரும்பி வருகிறது. எஞ்சும் உப்புநீரையும் மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தலாம். முன்பு காசு கொடுத்து வாங்கி ஆற்றில் கொட்டிய இரண்டும் மிச்சம்! ஆயினும், மீந்த நீரை ஆவியாக்கும் எரிபொருட் செலவு சிறிதன்று.

இதனோடு மற்றொன்றை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். புற்றுநோய் விளைவிக்கக்கூடிய சில அசோ சாயங்களை 1994இல் ஜெர்மனி தடை செய்தது. ஏற்றுமதியாளர்கள் மாற்றுச் சாயங்களைத் தேடலாயினர். அதற்கு உழவர்கள் வழக்காட வேண்டியிருக்கவில்லை. சட்டையிலுள்ள சாயம் வாங்குபவரின் உடம்பில் படுகிறது. நொய்யலின் உப்பு அவர்மீது படவில்லை.

இன்றும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஆவியாக்கிய பின் எஞ்சும் கலப்பு உப்புக்கு வாங்குவோர் இல்லை. சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில், மழை படாமல், அது மூட்டை மூட்டையாகக் காத்துக் கிடக்கிறது.