இணைய ஏரியும் தரவு மதகும்

நுழையும்முன்

ஏரியில் நீர் நிறைந்திருந்தால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. அந்நீர் உரிய வயலுக்கு, உரிய அளவில், உரிய காலத்தில் சென்றுசேர வேண்டும். அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் சேர்ந்திருக்கும் தரவுகளின் நிலையும் அதுவே. எங்கோ ஒரு கணினியில் தேங்கியிருக்கும் தரவு, அது தேவைப்படுவோரின் கைப்பேசித் திரைக்கு வந்துசேரும் வழியை விளக்குகிறது இக்கட்டுரை.

தென்னேரியிலிருந்து ஒரு வினா

காஞ்சிபுரம் மாவட்டம், வாலாஜாபாத் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் தென்னேரி. 'திரையன் ஏரி' என்னும் பெயரே தென்னேரி என மருவியது என்று அறிஞர் கூறுவர். பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத்தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையனோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவர். மழைநீரைத் தேக்கி, மதகுகளின் வழியே வயல்களுக்குப் பகிர்ந்தளிக்கும் ஏரியின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று.

அவ்வூர் உழவர் ஒருவர் பயிர்க்கடன் பெற விரும்புகிறார் எனக் கொள்வோம். வங்கி அவரிடம் பட்டா நகலைக் கேட்கிறது. முன்னர் இத்தகைய தேவைக்கு ஒரு நாள் வேலையை விட்டு அலுவலகம் சென்று காத்திருக்க வேண்டும். இன்று தமிழ்நாட்டின் நில ஆவணங்கள் 'தமிழ்நிலம்' என்னும் மென்பொருளின் வாயிலாகக் கணினிமயமாக்கப்பட்டுள்ளன. மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்ந்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ உள்ளிட்டால் உரிய விவரத்தை இணையத்தில் காணலாம்.

இத்தகைய பக்கம் ஒன்றில் 'காஞ்சிபுரம்' என்பதைத் தேர்ந்தவுடன், அடுத்த பட்டியலில் அம்மாவட்டத்தின் வட்டங்கள் மட்டும் தோன்றும். 'வாலாஜாபாத்' என்பதைத் தேர்ந்தவுடன் அவ்வட்டத்துக் கிராமங்கள் தோன்றும். பக்கம் மறைந்து மீண்டும் வருவதில்லை. வேண்டிய பகுதி மட்டும் மாறுகிறது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது?

பக்கம் முழுதும் மாறிய காலம்

இணையத்தளம் ஒன்றின் செயல்பாட்டில் இரு தரப்புகள் உண்டு. பயனரின் கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள உலவி ஒரு தரப்பு. தரவுகளைச் சேமித்து வைத்து, கேட்போருக்கு வழங்கும் சேவையகம் மறுதரப்பு. உலவியில் இயங்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். சேவையகத்தில் பி.எச்.பி., ஜாவா, பைத்தான் முதலிய மொழிகளில் எழுதப்பட்ட நிரல்கள் இயங்குகின்றன. சேவையகத்தை ஏரி எனக் கொண்டால், அதில் இயங்கும் நிரலை மதகைத் திறந்து முறைவைத்து நீர் விடும் நீர்ப்பாய்ச்சி எனலாம்.

தொடக்கக் காலத்தில் உலவி எதைக் கேட்டாலும் சேவையகம் முழுப் பக்கத்தையே புதிதாக உருவாக்கி அனுப்பியது. ஒரு பெயர் மாறுவதற்காகத் தலைப்பு, படங்கள், பிற பட்டியல்கள் யாவும் மீண்டும் வந்தன. இணைப்பு இடையில் அறுந்தால் நிரப்பிய விவரங்கள் அழிந்தன. பயனர் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. ஒரு பாத்திக்கு நீர் பாய்ச்ச ஏரியையே வயலுக்குக் கொண்டுவர முயன்றதற்கு ஒப்பானது இது.

இக்குறையைப் போக்க, பக்கத்தை மாற்றாமலே சேவையகத்தோடு பேசும் வசதி உலவியில் சேர்க்கப்பட்டது. அவ்வாறு தரவைப் பரிமாறும் முறையே 'ஏஜாக்ஸ்' எனப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

1995 – நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரண்டன் ஐக், ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கினார்.
1999 – மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலவியில், பக்கத்தை மாற்றாமல் தரவு பெறும் வசதி இடம்பெற்றது.
2005 – ஜெசி ஜேம்ஸ் காரெட் தம் கட்டுரையில் இம்முறைக்கு 'ஏஜாக்ஸ்' எனப் பெயரிட்டார்.
2006 – ஜான் ரெசிக் 'ஜேகொயரி' என்னும் நிரல் நூலகத்தை வெளியிட்டார்.

நிரல் நூலகத்தின் பணி

ஒரே பணியை வெவ்வேறு உலவிகள் வெவ்வேறு வகையில் செய்த காலம் ஒன்று இருந்தது. ஓர் உலவிக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காமற்போனது. நிரலாளர் ஒரே வேலைக்குப் பலமுறை நிரல் எழுத வேண்டியிருந்தது. அடிக்கடி தேவைப்படும் பணிகளுக்குரிய நிரல்களை முன்னரே எழுதித் தொகுத்து வைப்பதே நிரல் நூலகம். உலவிகளுக்கிடையிலான வேறுபாடுகளை ஜேகொயரி தன்னுள் மறைத்துக்கொண்டு, நிரலாளருக்கு ஒரே எளிய கட்டளையைத் தந்தது.

அக்கட்டளையில் நிரலாளர் ஐந்து செய்திகளைக் குறிப்பிடலாம். எந்த இணைய முகவரிக்கு வினா செல்ல வேண்டும் என்பது முதலாவது. வினா செல்லும் முறை இரண்டாவது. உடன் அனுப்ப வேண்டிய தரவு மூன்றாவது. விடை வந்தால் செய்ய வேண்டியது நான்காவது. விடை வாராவிடில் செய்ய வேண்டியது ஐந்தாவது. தொடக்கநிலையில் நிரல் எழுதுவோர் பெரும்பாலும் முதல் நான்கோடு நிறுத்திக்கொள்வர். ஐந்தாவதன் அருமை இணைப்புத் தடைப்படும்போதுதான் புலப்படும்.

வினா செல்லும் முறைகளுள் 'கெட்', 'போஸ்ட்' ஆகிய இரண்டும் பெருவழக்கானவை. பட்டியல் ஒன்றைப் பெறுவதற்குக் கெட் முறை பொருந்தும். இதில் வினாவின் விவரங்கள் முகவரியோடு இணைந்து செல்லும். விண்ணப்பம் ஒன்றைப் பதிவுசெய்வதற்குப் போஸ்ட் முறை பொருந்தும். இதில் விவரங்கள் முகவரியில் தோன்றாமல் செய்தியின் உள்ளே செல்லும். விடை பெரும்பாலும் 'ஜேசன்' என்னும் வடிவில் வருகிறது. 'வட்டம்: வாலாஜாபாத்', 'கிராமம்: தென்னேரி' என்பனபோலப் பெயரும் மதிப்பும் இணை இணையாக அமைவது அவ்வடிவம். அதனை மனிதரும் படிக்கலாம். கணினியும் எளிதில் பிரித்தறியும்.

இன்றைய உலவிகளில் 'பெட்ச்' என்னும் வசதி உள்ளமைந்தே வருகிறது. எனவே நூலகத்தின் துணையின்றியும் இப்பணியைச் செய்யலாம். கருவி மாறினாலும் வினாவும் விடையும் பரிமாறப்படும் நெறி மாறவில்லை.

சாயமேறச் சென்ற நூல்

ஏஜாக்ஸ் முறையின் தலையாய இயல்பு, காத்திராமை ஆகும். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் அடுத்த சேலைக்குரிய நூலைச் சாயமேற்ற அனுப்பியபின், அது திரும்பும்வரை தறியை நிறுத்திவிடுவதில்லை. தறியில் உள்ள பாவை நெய்துகொண்டே இருப்பார். நூல் வந்ததும் அதற்குரிய வேலையைத் தொடங்குவார். அதுபோல, உலவி வினாவை அனுப்பிவிட்டுத் தன் பிற பணிகளைத் தொடர்கிறது. விடை வந்தபின் செய்ய வேண்டிய பணி முன்னரே எழுதி வைக்கப்பட்டிருக்கும். விடை வந்ததும் அப்பணி தொடங்கும்.

இவ்வியல்பில் ஓர் இடரும் உண்டு. முதலில் அனுப்பிய நூல் பிந்தியும், பின்னர் அனுப்பிய நூல் முந்தியும் வரலாம். பயனர் தவறுதலாகச் 'செங்கல்பட்டு' என்பதைத் தொட்டு, உடனே 'காஞ்சிபுரம்' என மாற்றுகிறார். காஞ்சிபுரத்திற்குரிய விடை முன்னே வந்துவிடுகிறது. செங்கல்பட்டிற்குரிய விடை பின்னே வந்து அதனை மூடிவிடுகிறது. மேலே காஞ்சிபுரம் என்றும் கீழே செங்கல்பட்டு மாவட்டத்து வட்டங்கள் என்றும் திரை காட்டும். ஆகவே, கடைசியாகக் கேட்ட வினாவிற்குரிய விடையை மட்டும் ஏற்று, பழைய விடையைத் தள்ளிவிடுமாறு நிரல் அமைதல் வேண்டும்.

தமிழ் எழுத்தும் தரவின் அளவும்

இணையத்தில் தமிழ் ஒருங்குறி வழியாகப் பயணம் செய்கிறது. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தன் தகுதரங்களுள் ஒன்றாக ஏற்றது. இணையத்தில் பெருவழக்காக உள்ள யு.டி.எப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு இடம் கொள்ளும். 'தென்னேரி' என்னும் சொல்லில் எழுத்துகள், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றைச் சேர்த்து 8 குறியீடுகள் உள்ளன. எனவே அச்சொல்லின் அளவு 24 பைட்டு ஆகும்.

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்களும் 16,000க்கும் மேற்பட்ட வருவாய்க் கிராமங்களும் உள்ளன. ஒவ்வொரு கிராமப் பெயரும் 24 பைட்டு எனக் கொண்டு அனைத்தையும் ஒருசேர அனுப்பினால் ஏறத்தாழ 3,84,000 பைட்டு செல்லும். வேண்டிய வட்டத்தின் 100 பெயர்களை மட்டும் அனுப்பினால் 2,400 பைட்டு போதும். நகரத்தில் விரைவான இணைப்பு உடையவருக்கு இவ்வேறுபாடு தெரியாது. அலைவரிசை குன்றிய சிற்றூரில் நின்று பழைய கைப்பேசியில் பார்ப்பவருக்குப் பக்கம் திறப்பதும் திறவாமையும் இதனால் அமையும்.

உலவியும் சேவையகமும் ஒரே குறியாக்க முறையைப் பின்பற்றுதலும் இன்றியமையாதது. ஒன்று யு.டி.எப்.-8 முறையிலும் மற்றொன்று வேறு முறையிலும் இருந்தால், ஊர்ப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகளே தோன்றும்.

மதகின் காவல்

ஏரியில் நீர் இருக்கிறது என்பதற்காக எவரும் எப்போதும் மதகைத் திறந்துவிட முடியாது. தரவிற்கும் இக்காவல் தேவை. உலவி பயனரின் கையில் இருப்பது. அதில் உள்ள நிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் இயலும். புல எண் என்னும் கட்டத்தில் எண் மட்டுமே இடவேண்டும் என உலவியில் விதி அமைத்தாலும், தீய நோக்குடையோர் அவ்விதியை நீக்கிவிட்டு வினாவை நேரே சேவையகத்திற்கு அனுப்பலாம். எண்ணுக்கு மாறாகத் தரவுத்தளத்திற்குரிய கட்டளையையே எழுதியும் அனுப்பலாம். சேவையக நிரல் அதனை ஆராயாமல் ஏற்றால் ஆவணங்கள் கசியும், திருத்தப்படவும் கூடும். ஓர் உழவருக்கு நிலப்பதிவில் ஓர் எண் மாறுவது எழுத்துப்பிழையன்று. வாழ்வாதாரம் பற்றிய சிக்கல் ஆகும்.

ஆகவே, உலவியில் செய்யும் சோதனை பயனரின் வசதிக்கு உரியது. சேவையகத்தில் செய்யும் சோதனையே பாதுகாப்பிற்கு உரியது. வந்த தரவைக் கட்டளையாகக் கொள்ளாமல் தரவாகவே கையாளுதல், கேட்பவருக்கு அதனைப் பெறும் உரிமை உண்டா எனப் பார்த்தல், வழியில் எவரும் படிக்காதவாறு மறைகுறியாக்கம் செய்த இணைப்பில் அனுப்புதல் ஆகியவை சேவையகத் தரப்பின் கடமைகள்.

விடை வாராதபோது

ஒவ்வொரு விடையோடும் சேவையகம் ஒரு நிலை எண்ணை அனுப்புகிறது. 200 என்பது வெற்றியையும், 404 என்பது கேட்டது கிடைக்கவில்லை என்பதையும், 500 என்பது சேவையகத்தில் பிழை நேர்ந்ததையும் குறிக்கும். இணைப்பே அறுந்துவிட்டால் எவ்வெண்ணும் வாராது. இவற்றை நிரலாளர் அறிவார், பயனர் அறியார். திரை அசையாமல் நின்றால், தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே எளிய மக்கள் எண்ணுவர். 'இணைப்புக் கிடைக்கவில்லை, நீங்கள் நிரப்பிய விவரங்கள் அப்படியே உள்ளன, சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்க' எனத் தமிழில் ஒரு வரி காட்டினால் அம்மயக்கம் தீரும்.

நீர்ப்பாய்ச்சி, கடைமடை வயலுக்கு நீர் சென்று சேர்ந்ததா எனப் பார்த்த பின்னரே தம் பணி முடிந்ததாகக் கருதுவார். நிரல் எழுதுவோருக்கும் அதுவே நெறி. தென்னேரி உழவரின் கைப்பேசியில் அவருக்குரிய பட்டா, பிழையின்றி, அவருக்குப் புரியும் மொழியில் தோன்றும்போதுதான் தரவுப் பரிமாற்றம் நிறைவுறுகிறது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊர்ப்பெயரில் எத்தனை ஒருங்குறிக் குறியீடுகள் உள்ளன எனக் கண்டறிந்து, அதன் அளவைப் பைட்டில் கணக்கிடுக.
2. நீங்கள் பயன்படுத்திய இணையப் பக்கம் ஒன்றில், பக்கம் முழுதும் மாறாமல் ஒரு பகுதி மட்டும் மாறிய இடங்களைப் பட்டியலிடுக.
3. இணையவழி விண்ணப்பத்தில் பிழை நேரும்போது பயனருக்குக் காட்டத்தக்க மூன்று அறிவிப்புகளை எளிய தமிழில் எழுதி, வகுப்பறையில் கலந்துரையாடுக.