நம் மலைக்கு அடியில் நெருப்பு இருக்கிறதா?

மூணாறில் குடியிருக்கும் நம்மவர் வீட்டுக்குப் பாலக்காட்டிலிருந்து சம்பந்தியம்மா வந்தால், அடுப்படியில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "எங்க ஊர்ல இதே அரிசி சீக்கிரம் வெந்துடுமே, இங்க என்ன இவ்வளவு நேரம்?" குற்றம் அரிசியிலும் இல்லை, அடுப்பிலும் இல்லை. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது. குக்கரை மூடி அழுத்தத்தைக் கூட்டினால் அதே தண்ணீர் 120 டிகிரி வரை போகும். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், குறைந்தால் குறையும். இந்த அடுக்களைப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் எரிமலையின் இரகசியம் பாதி புரிந்துவிடும்.

2011இல் இடுக்கியில் நிலம் அதிர்ந்தபோது, "நம்ம மலை எரிமலையா? வெடிக்குமா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்ல வேண்டியது பெரியவர்களின் கடமை.

பள்ளிப் புத்தகத்தில் கவசம் என்று படித்தோமே, அதுதான் மேன்டில். பூமியின் மேலோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை அது இருக்கிறது. பலரும் நினைப்பதுபோல் அது கொதிக்கும் குழம்பு அல்ல. கெட்டிப் பாறைதான், ஆனால் யுகக் கணக்கில் மெல்ல மெல்ல நகரக்கூடிய பாறை. அந்தப் பாறை தரைமட்ட அழுத்தத்தில் 1,100 டிகிரியைத் தாண்டியதும் உருகத் தொடங்கும். 100 கிலோமீட்டர் ஆழத்திலோ அது உருக 1,450 டிகிரிக்கு மேல் வேண்டும். மேலே அழுத்தும் பாரமே அதை உருகவிடாமல் வைத்திருக்கிறது.

மேன்டில் பாறை உருகாமலே தரைமட்டம் வரை வந்தால் எவ்வளவு சூடாக இருக்கும் என்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். பொதுவாக அது 1,350 டிகிரியை ஒட்டி வருகிறது. இந்தச் சூட்டோடு மேலேறும் பாறை, 60, 70 கிலோமீட்டர் ஆழத்துக்கு வந்த பிறகே உருகும். தென்னிந்தியாவில் நம் காலுக்குக் கீழே உள்ள கெட்டித் தட்டு அதைவிடத் தடிமனானது. அதனால் பாறை அந்த ஆழம் வரை ஏறிவர இடமே இல்லை. குக்கரின் மூடி இறுக்கமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தட்டின் நடுவே எரிமலை எப்படி வருகிறது? ஆழத்திலிருந்து வழக்கத்தைவிட 100 முதல் 250 டிகிரி கூடுதல் சூட்டோடு ஒரு பாறைத் தூண் எழும்ப வேண்டும். ஹவாய் தீவுகளுக்கு அடியில் இந்தச் சூடு 1,500 டிகிரிக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அவ்வளவு சூடான பாறை 120 கிலோமீட்டர் ஆழத்திலேயே உருகத் தொடங்கிவிடும். அப்போதும் முழுப் பாறையும் உருகுவதில்லை. நூற்றில் சில பங்குதான். எரிமலைக் கல்லில் உள்ள ஒலிவின் என்னும் பச்சைக் கனிமத்தில் மக்னீசியம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து இந்தச் சூட்டைக் கணிக்கிறார்கள். அந்தமானில் உள்ள பாரன் தீவின் கதை வேறு. அது தட்டுகளின் விளிம்பில் இருக்கிறது. உள்ளே இறங்கும் தட்டு கொண்டுபோகும் நீர், பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது.

நம் நாடும் ஒரு காலத்தில் அத்தகைய சூட்டுத் தூண்களின்மேல் இருந்ததுதான். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்தது. உடுப்பிக்கு எதிரே உள்ள செயின்ட் மேரீஸ் தீவுகளின் கல்தூண்கள் அக்காலத்தவை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருகிய எரிமலைக் குழம்பு இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கிறது. மத்திய கேரளத்தில் பழைய பாறைகளைப் பிளந்துகொண்டு கருங்கல் சுவர்போல் நிற்கும் டோலரைட் கற்களில் சில ஏறத்தாழ 8.5 கோடி, சில ஏறத்தாழ 7 கோடி ஆண்டு வயதுடையவை. ஆனைமுடியோ எரிமலையே அல்ல. அது அவற்றையெல்லாம்விட மிகப் பழைய பாறை.

பிறகு இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்துவிட்டது. அடுப்பு பின்னால் தங்கிவிட்டது. அது நகர்ந்த தடத்தில் மாலத்தீவு, சாகோஸ், மொரீஷியஸ் என்று ஒரு வரிசை. இன்று அந்தச் சூட்டின்மேல் இருப்பது ரீயூனியன் தீவு. அங்கே பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை இன்றும் அடிக்கடி பொங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற நம் தமிழரின் சந்ததியார் அந்தத் தீவில் கோயில் கட்டி வாழ்கிறார்கள். அடுப்பு போன இடத்துக்கு நம்மாட்களும் போயிருக்கிறார்கள்!

ஆகவே பிள்ளைகளுக்குத் தைரியமாகச் சொல்லலாம்: "நம்ம மலை வெடிக்காது கண்ணு." ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு இராஜமலை அருகே பெட்டிமுடியில் 70 பேரைக் கொண்டுபோனது நெருப்பல்ல. மழையில் ஊறிச் சரிந்த மண். லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. நாம் பயப்பட வேண்டியது 100 கிலோமீட்டர் கீழே உள்ள சூட்டுக்கல்ல, வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவுக்கு. அடைமழை எச்சரிக்கை வந்தால், ஓடைத் தண்ணீர் திடீரெனக் கலங்கினால், சுவரிலோ தரையிலோ புது விரிசல் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பத்திரமான இடத்துக்குப் போய்விடுங்கள்.