பசியும் தூக்கமும் ஷிப்ட் மாறியபோது

சென்னைக்கு அருகே உள்ள படப்பையில் ஏரிப்பாசனம் நடந்த காலத்தில் பசிக்கும் தூக்கத்துக்கும் பொழுதுதான் கணக்கு. விடிந்தால் வயல், உச்சியில் சோறு, இருட்டினால் பாய். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. இன்று வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ் நடுராத்திரியிலும் ஓடுகிறது. நைட் ஷிப்ட் முடித்தவர் படுக்கும்போது அறைத்தோழர் வேலைக்குக் கிளம்புகிறார்.

அன்று ஒருவர் சாப்பிடாமல், வேலைக்குப் போகாமல் முடங்கிக் கிடந்தால் சோம்பேறி என்பார்கள். அல்லது காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள். டாக்டரிடம் காட்டலாம் என்றால், மனநல மருத்துவமனையைச் சுட்டும் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற கேலி வாயை அடைத்துவிடும். இன்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “நைட் ஷிப்ட்டுன்னா அப்படித்தான்.” காரணம் மாறியது, மனச்சோர்வு நோய் அன்றும் இன்றும் மறைந்தே இருக்கிறது.

மருத்துவம் சொன்ன காரணமும் மாறியிருக்கிறது. 1950-களில் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசர்பின், ரத்த அழுத்தத்துக்கு மருந்தானது. அதைச் சாப்பிட்ட சிலர் மனம் சோர்ந்ததாகச் செய்தி வந்தது; அது மூளையில் செரோடோனின், நார்அட்ரினலின், டோபமின் ஆகிய மூன்று ரசாயனங்களையும் குறைப்பதும் தெரிந்தது. காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாசிடோ சிலரை உற்சாகப்படுத்தியது. இப்படித்தான் ‘ரசாயனக் குறைவே மனச்சோர்வு’ என்ற கருத்து வேர்விட்டது.

இன்று அந்தக் கணக்கு போதவில்லை. 1998-இல் கண்டறியப்பட்ட ஒரெக்சின் என்ற மூளை ரசாயனம், விழிப்பையும் பசியையும் சேர்த்தே இயக்குகிறது. டோபமின் நாட்டத்தைத் தூண்டுகிறது. நரம்பியல் ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜின் ஆய்வில், டோபமின் பெரும்பாலும் அழிக்கப்பட்ட எலிகள் தாமாக இரை தேடவில்லை. வாயில் இனிப்பை விட்டால் மட்டும் ரசித்தன. மனச்சோர்வில் கிடப்பவர் எழுந்து போகாததைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இது ஒரு தடயம். நோயும் எல்லோரிடமும் ஒரே மாதிரி வருவதில்லை: ஒருவர் தூங்காமல் மெலிவார், இன்னொருவர் ஓயாமல் தூங்கி, அளவின்றிச் சாப்பிடுவார்.

நைட் ஷிப்ட் தனியாகவே தூக்கத்தையும் பசியையும் குலைக்கும், மனச்சோர்வுக்கும் வழிவிடலாம். ஆகவே தூக்கம், பசி தவிர மூன்றாவதான நாட்டத்தைக் கவனிக்க வேண்டும். லீவு கிடைத்தும், பகல் ஷிப்ட்டுக்கு மாறியும், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் அறைக்கு வருபவரும் அழைக்கலாம்.