ஈ காத்த காடு

நம்மூரில் லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு கட்டிலும் ஒரு வாளியும் உள்ள அறை. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இருக்கும் போட்ஸ்வானாவில் அதே சொல்லைச் சொல்லி, ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கேன்வாஸ் கூடாரம்தான். மரப்பலகைத் தளத்தின் மேல் நிற்கும். உள்ளே நல்ல மெத்தை, வெந்நீர், எதிரே நாணல் காடு. சுற்றிலும் வேலி இருக்காது. இருட்டிவிட்டால் சாப்பாட்டுக் கூடத்துக்குக்கூடத் தனியாகப் போக விடமாட்டார்கள். ஓர் ஆள் விளக்கோடு வந்து அழைத்துப் போவார், நடைபாதையில் நீர்யானை மேய்ந்துகொண்டிருக்கலாம் என்பதால். ஒரு கூடாரத்துக்கு இவ்வளவு காசா என்று யாரும் கேட்பார்கள். அந்தக் காசில் மெத்தைக்கும் விருந்துக்கும் போவது ஒரு பங்குதான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பக்கத்துக் கூடாரம் என ஒன்று இல்லாமல் இருப்பதற்கே மீதி விலை. அந்த வெறுமைக்கு விலை வைத்தது சரியா, அந்த விலை யார் கையில் போய்ச் சேருகிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் சொகுசு சஃபாரியின் நியாய அநியாயம் அடங்கியிருக்கிறது.

இதற்கு ஒகவாங்கோ டெல்டாவைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அங்கோலாவின் மலைகளில் பெய்யும் மழை ஆறாகி, நமீபியாவின் ஓரத்தைக் கடந்து, போட்ஸ்வானாவின் கலஹாரி மணலுக்குள் நுழைகிறது. கடலைப் பார்க்காத ஆறு இது. மணலில் விரல் விரலாகப் பிரிந்து பரவி, பெரும்பகுதி ஆவியாகி, எஞ்சியது மண்ணுக்குள் இறங்கி முடிந்துவிடுகிறது. அங்கோலாவில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்த மழை டெல்டாவின் தென்கோடியில் உள்ள மௌன் நகரை எட்ட ஜூன், ஜூலை ஆகிவிடும். அப்போது போட்ஸ்வானாவில் ஒரு துளி மழை கிடையாது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும் வேளையில் இங்கே மட்டும் வெள்ளம் வருவதால், சுற்றுவட்டார விலங்கெல்லாம் இங்கே கூடுகின்றன. உள்ளே இருக்கும் தீவுகளில் பல, கரையான் புற்றில் தொடங்கியவை. நீர்மட்டத்துக்கு மேல் எழுந்த புற்றில் ஒரு மரம் முளைக்க, அதன் வேர் மண்ணைப் பிடிக்க, மெல்ல மெல்லத் தீவாகிறது. நீர்யானைகள் நடந்து நடந்து போட்ட தடங்கள் வாய்க்கால்களாகத் திறந்திருக்கின்றன. 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஆயிரமாவது இடம் இந்த டெல்டா.

இத்தனை தண்ணீரும் புல்லும் இருந்தும் கால்நடை வளர்ப்போர் ஏன் டெல்டாவை நிரப்பவில்லை? போட்ஸ்வானாவில் மாடுதான் செல்வம். ஒரு குடும்பத்தின் மதிப்பை மாட்டுத்தொழுவத்தை வைத்து எடைபோடும் நாடு. அவர்களைப் பல தலைமுறைகளாகத் தடுத்து நிறுத்தியது ஓர் ஈ. ட்செட்சே என்ற அந்த இரத்தம் குடிக்கும் ஈ, மாட்டைக் கடித்தால் நகானா என்ற நோய் வந்து மாடு இளைத்துச் செத்துப்போகும். மனிதனைக் கடித்தால் தூக்கநோய். அந்த ஈயை ஒழிக்க அரசு என்னென்னவோ செய்தது. காட்டு விலங்குகளைச் சுட்டது, மரங்களை வெட்டியது, மருந்தடித்தது. கடைசியில் 2001, 2002-இல் இரவு நேரங்களில் விமானத்திலிருந்து மருந்து தெளித்து டெல்டாவில் அதை அடியோடு ஒழித்தார்கள். மனிதருக்கு நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் சம்பளம் வாங்காத காவல்காரன் போய்விட்டான். இப்போது மாட்டைத் தடுப்பது காட்டெருமை வேலி என்று அழைக்கப்படும் நீண்ட கம்பிவேலி. அதுவும் காட்டைக் காக்கப் போட்டதன்று. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் மாட்டிறைச்சிக்குக் கோமாரி நோய் தொற்றாமலிருக்க, 1980களில் போட்டது. கம்பிவேலி என்பது ஓர் அரசாணையில் நகரக்கூடியது. வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் நிலம் மாட்டைவிட அதிகம் சம்பாதித்தால்தான் அது நகராமல் நிற்கும். ஈ செய்துவந்த வேலையை இப்போது ரூபாய் அணா கணக்கு செய்ய வேண்டியிருக்கிறது.

போட்ஸ்வானா அரசு 1990-இல் அறிவித்த சுற்றுலாக் கொள்கையின் சாரம் இந்தக் கணக்குதான்: ஆள் குறைவு, வருமானம் நிறைவு. சரணாலயங்களைச் சுற்றியுள்ள நிலத்தை எண்ணிட்ட பகுதிகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விடுகிறார்கள். ஒரு பகுதியில் எத்தனை முகாம், எத்தனை படுக்கை என்பதற்கு வரம்பு உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக் கூடாரம், இருபது விருந்தினர், தலைக்கு ஆயிரம் டாலர் என்றால் ஓர் இரவுக்கு இருபதாயிரம் டாலர். அதே தொகையை நூறு டாலர் அறைகளில் ஈட்ட இருநூறு பேர் வேண்டும். வண்டிக்கு ஆறு பேர் என்று வைத்தால், முதல் வகைக்கு நான்கு வண்டி போதும். இரண்டாவது வகைக்கு முப்பத்துநான்கு வண்டி ஓட வேண்டும். கழிவுநீர், குப்பை, டீசல், விமானத்தில் வந்திறங்கும் காய்கறி எல்லாமே அந்த விகிதத்தில் பெருகும். நிலத்துக்குக் கிடைப்பது ஒரே தொகை. நிலம் படும் பாடு ஏறக்குறைய பத்து மடங்கு.

இந்தப் பயணத்தின் வடிவம் வேட்டையிலிருந்து வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சஃபாரி சுவாஹிலிச் சொல். பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லான சஃபர்தான் அதற்கு வேர். இந்தியில் வழங்கும் சஃபரும் அதுவே. 1909-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தபோது, இருநூறுக்கும் மேற்பட்ட சுமைகூலிகள் அவருடைய கூடாரங்களையும் பெட்டிகளையும் தலையில் சுமந்து நடந்தார்கள். அவரும் அவர் மகனும் சுட்ட விலங்குகள் மட்டும் 512. கேன்வாஸ் கூடாரம், வெந்நீர்க் குளியல், மாலைச் சூரியனைப் பார்த்தபடி ஒரு கோப்பை மது என்று இன்றைய சொகுசு முகாமில் காண்பதெல்லாம் அந்த வேட்டைக்கூடாரத்தின் எச்சம். நாளுக்கொரு இடமாகப் பெயர்ந்து போகும் கூடாரப் பயணங்களும் அப்படித்தான்: பணியாளர்கள் முன்னால் போய்க் கூடாரம் அடித்துவிடுவார்கள், மரக்கிளையில் தொங்கும் வாளியில் வெந்நீர் ஊற்றினால் அதுவே குளியலறை. துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா வந்தது. கூடவே சுமைகூலி இருந்த இடத்தில் கைடு வந்தார் என்பதுதான் பெரிய மாற்றம்.

கைடுக்குக் கொடுக்கும் காசு என்ன வாங்கித் தருகிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் விலையின் இன்னொரு பகுதி விளங்கும். விடிவதற்கு முன் திறந்த வண்டியில் கிளம்புகிறார்கள். மணற்பாதையில் ஒரு சிங்கத்தின் காலடி. தடத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, காற்றில் உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார் கைடு. தடத்தின் மேல் இரவில் ஊர்ந்த பூச்சியின் கோடு குறுக்கே ஓடினால், சிங்கம் போய் நெடுநேரம் ஆகிவிட்டது. பூச்சிக்கோட்டின் மேல் சிங்கத்தின் பாதம் பதிந்திருந்தால் அருகில்தான் இருக்கிறது. பிறகு வண்டியை அணைத்துவிட்டுக் காது கொடுப்பார். இம்பாலா மான்கள் மூக்கால் சீறி எச்சரிக்கும். மரத்தில் குரங்குகள் கத்தும். அவை எந்தத் திசையைப் பார்த்துக் கத்துகின்றன என்பதே வழி. வண்டியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்வரை சிங்கத்துக்கு அது ஒரே பெரிய, ஆபத்தில்லாத உருவம். ஒருவர் எழுந்து நின்றால் அந்த உருவம் கலைந்து மனிதன் தெரிந்துவிடுகிறான். நண்பகலில் மொகோரோ என்ற ஒடுங்கிய ஓடத்தில், பின்னால் நின்று கழியூன்றித் தள்ளுபவரின் கையில் பயணி உயிரை ஒப்படைக்கிறார். முன்பு பெரிய மரத்தைக் குடைந்து செய்த ஓடங்கள் இவை. மரங்களைக் காக்க இப்போது பல ஃபைபர் கண்ணாடியில் செய்யப்படுகின்றன. இந்த அறிவு பல்கலைக்கழகத்திலிருந்து மட்டும் வந்ததன்று. நாணலுக்குள் மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்த குடும்பங்களின் அறிவுக்கு இன்று உரிமமும் சம்பளமும் கிடைக்கின்றன.

முதல் மறுப்பு எளிதில் ஊகிக்கக்கூடியது: பணக்காரனுக்கு மட்டும் காடு என்பது என்ன நியாயம்? இயற்கை எல்லாருக்கும் பொது என்றால் கதவையும் எல்லாருக்கும் திறக்க வேண்டாமா? கதவை அகலத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யாவின் மாசாய் மாரா விடை சொல்கிறது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட் விலங்குகள் சுற்றிவரும் பாதையில் இருக்கும் அந்தச் சரணாலயத்தில், மந்தை ஆற்றைக் கடக்கும் நாளில் கரையெங்கும் வண்டிகள் முண்டியடித்து நிற்கின்றன. விலங்கு இறங்க வேண்டிய வழியையே மறித்துவிடுகின்றன. அதே மாராவின் ஓரத்தில் மாசாய்க் குடும்பங்கள் தம் நிலங்களை ஒன்றுசேர்த்துக் குத்தகைக்கு விட்ட தனிக் காப்பிடங்களில், இத்தனை ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்ற கட்டுப்பாடும், ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியும் உண்டு. நிலக்காரர்களுக்கு மாதாமாதம் வாடகை போகிறது. ஆள் எண்ணிக்கைக்கு எப்படியும் ஒரு வரம்பு வேண்டும் என்று ஆகிவிட்டால், அதை விலையால் வைப்பதா, குலுக்கலால் வைப்பதா என்பதுதான் மிச்சக் கேள்வி. குலுக்கல் நியாயமானது; ஆனால் மாட்டோடு போட்டி போட அதனிடம் பணம் இல்லை. போட்ஸ்வானாவின் தேசியப் பூங்காக்களில் சொந்தக் கூடாரத்தோடு தங்கும் பொது முகாமிடங்கள் இருக்கின்றன, உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணமும் குறைவு. ஆனாலும் தன் நாட்டின் மிக அழகான தீவுகளைப் படத்தில் மட்டுமே பார்த்த ஒரு தலைமுறை அங்கே வளர்கிறது என்ற குறை அப்படியேதான் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. ஆளில்லாத காடு என்று விற்கப்படும் இடங்களில் ஆள் இருந்தார்கள். டெல்டாவின் நடுவில் உள்ள மொரேமி சரணாலயத்தை 1963-இல் வெள்ளை அரசு அறிவிக்கவில்லை; பட்டவானா மக்கள், வேட்டை எல்லை மீறுவதைக் கண்டு, தம் நிலத்தில் தாமே அறிவித்தார்கள். பெருமைக்குரிய செயல். ஆனால் அதற்குள் வாழ்ந்த சான் பழங்குடிக் குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் இன்று சரணாலயத்தின் ஓரத்தில் குவாய் என்ற ஊரில் இருக்கிறார்கள். தெற்கே மத்தியக் கலஹாரிச் சரணாலயத்தில் நடந்தது இன்னும் மோசம். 1997-இலும் 2002-இலும் அரசு சான் மக்களை வெளியேற்றியது. அது சட்டவிரோதம் என்று 2006-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் அவர்களுடைய ஆழ்துளைக் கிணற்றைப் பயன்படுத்த 2011 வரை வழக்காட வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் அதே சரணாலயத்துக்குள் நீச்சல் குளத்தோடு ஒரு சொகுசு முகாம் திறந்தது. ஊராருக்குக் குடிநீர் இல்லை, விருந்தாளிக்கு நீந்தத் தண்ணீர் உண்டு என்றால் அந்த விலை எதையும் காக்கவில்லை. வேலியை மட்டும் இடம் மாற்றியிருக்கிறது. குவாயில் அப்படியே விட்டுவிடவில்லை. ஊர் மக்களின் அறக்கட்டளை பக்கத்து நிலத்தின் உரிமையைப் பெற்று, முகாம் நடத்துவோரிடம் குத்தகைப் பணமும் வேலையும் வாங்குகிறது. இழந்த நிலம் அதனால் திரும்பிவிடாது. ஆனால் பேரம் பேசும் இடத்தில் ஊரார் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக, பணம் நாட்டுக்குள் எவ்வளவு தங்குகிறது என்பது. வெளிநாட்டு முகவருக்கும் விமானத்துக்கும் போகும் பங்கு பெரிது. பெரிய முகாம்களை நடத்தப் பெருமுதல் வேண்டும் என்பதால் அவை வெளிநாட்டார் கையில் இருப்பதும் சகஜம். இதற்கு அரசு ஒரு பரிகாரம் செய்திருக்கிறது: பெயர்ந்து செல்லும் கூடாரப் பயணம், மொகோரோ ஓட்டம், விருந்தினர் இல்லம் போன்ற சிறு தொழில்களைக் குடிமக்களுக்கென்று ஒதுக்கியுள்ளது. அது போதுமா என்றால், போதாது. நாட்டில் சுமார் 1,30,000 யானைகள். உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. ஒரே இரவில் சோளக்கொல்லையைத் துடைத்துவிட்டுப் போகும் யானையைப் பார்க்க அமெரிக்கச் சுற்றுலாப் பயணி கொடுத்த டாலர் அந்தக் கொல்லைக்காரனுக்கு எட்டாவிட்டால், அந்த யானை அவனுக்கு வெறும் பகை. 2014-இல் வேட்டையைத் தடை செய்தபோது, வேட்டை உரிமம் விற்று வாழ்ந்த சில ஊர் அறக்கட்டளைகளின் வருமானம் சரிந்தது. எல்லா நிலமும் டெல்டாவைப் போல அழகன்று. வறண்ட புதர்க்காட்டுக்குப் படம் எடுக்க யாரும் ஆயிரம் டாலர் தருவதில்லை. 2019-இல் தடையை நீக்கியதற்கு ஊராரின் கோபமும் ஒரு காரணம். சொகுசு சஃபாரி எல்லாக் காட்டையும் காக்கும் மருந்து என்று விளம்பரம் சொல்வது அதனால் பொய். அழகான சில இடங்களை மட்டும் அது காக்கிறது.

அந்தக் காவலும் ஆட்டம் காணக்கூடியது. 2020-இல் கொரோனா விமானங்களை நிறுத்தியபோது முகாம்கள் ஒரே வாரத்தில் வெறிச்சோடின. கூடவே குத்தகை வருமானமும் வற்றியது. 2021-இல் நமீபியாவில், டெல்டாவுக்கு நீர் தரும் ஆற்றுப் படுகைக்குள் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். மேல்நாட்டில் அணை கட்டினாலோ நீர் கெட்டாலோ கீழே எத்தனை டாலர் கொட்டினாலும் வெள்ளம் வராது. வேலை பார்த்த காலத்தில் ட்செட்சே ஈக்கு இந்தக் கவலையெல்லாம் இருந்ததில்லை. அதன் இடத்தில் நாம் வைத்திருக்கும் காவலுக்கு விமானம் வர வேண்டும், அங்கோலாவில் மழை பெய்ய வேண்டும், வேலியோரத்துக் கொல்லைக்காரனுக்குப் பங்கு போக வேண்டும். முதல் இரண்டும் முகாம்காரர் கையில் இல்லை. மூன்றாவது இருக்கிறது. கூடாரத்துக்குப் பணம் கட்டுகிறவர் மெத்தையின் தரத்தை விசாரிப்பதற்கு முன், இந்த நிலம் யாருடையது, குத்தகை எந்த ஊருக்குப் போகிறது என்று முகவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். உடனே பதில் வராத இடத்தில், அவர் வாங்குவது வெறும் மெத்தைதான்.