நகரத்தோடு சேரும் கிராமத்தின் சாலைகள்

அருணாசல மலையைச் சுற்றிவரும் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். வலம் வருவோர் செங்கம் சாலையில் நடந்து, வலப்புறம் திரும்பி, அடி அண்ணாமலையைக் கடந்து மீண்டும் நகரை அடைகின்றனர். நடப்பவருக்கு அது ஒரே பாதை. சர்க்கார் கணக்கிலோ அப்படியன்று. பெரிய சாலைகள் நெடுஞ்சாலை இலாகாவைச் சேர்ந்தவை. அவற்றிலிருந்து ஊருக்குள் பிரியும் தெருக்கள் பஞ்சாயத்தைச் சேர்ந்தவை. கழனிகளுக்குச் செல்லும் வண்டிப்பாதைகளுள் சில, எந்தக் கணக்கிலும் ஏறாதவை.

1886-இல் ஏற்பட்ட திருவண்ணாமலை நகராட்சி 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. சுற்றியுள்ள பஞ்சாயத்துகளை அதனுடன் சேர்க்கும் பேச்சு எழுந்ததுமே கிராமத்தார் கேட்டவை இரண்டு: வரி எவ்வளவு ஏறும்? ஊரக வேலைத் திட்டம் போய்விடுமா? இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் மூன்றாவதாகக் கேட்கவேண்டிய ஒன்றை அநேகர் கேட்பதில்லை. நம் சாலைகளை இனி யார் மராமத்து செய்வார்?

நம் நாட்டில் சாலைகள் கைமாறுவது புதிதன்று. முன்னாளில் ஜில்லா போர்டுகள் சாலைகளைப் பராமரித்து வந்தன. 1958-ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தை அடுத்து ஜில்லா போர்டுகள் மறைந்து, பஞ்சாயத்து யூனியன்கள் தோன்றின. முக்கியச் சாலைகள் நெடுஞ்சாலை இலாகாவுக்கும், ஏனையவை யூனியன்களுக்கும் சென்றன. இன்று நடைமுறையிலுள்ள 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்பாகுபாட்டையே தொடர்கிறது. நெடுஞ்சாலையாகவோ யூனியன் சாலையாகவோ வகுக்கப்படாத பொதுச்சாலைகளே கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு.

ஆகவே, ஊர் நகரோடு சேர்ந்தால் எல்லாச் சாலைகளும் மாநகராட்சிக்குப் போய்விடும் என்று எண்ணுவது தவறு. நெடுஞ்சாலை இலாகாவின் சாலை, எல்லை நகர்ந்ததால் மட்டும் கைமாறுவதில்லை. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 25 கிராமப் பஞ்சாயத்துகளும் அதில் அடங்கின. அதன் பிறகும் அங்குள்ள பல பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலை இலாகாவிடமே இருந்தன. குழி விழுந்தால் மனுவை எங்கே கொடுப்பது என்று மக்கள் அலைந்ததும் உண்டு.

அமெரிக்க நாட்டில் இக்கேள்விக்கு இருவிதமான விடை காணலாம். அங்கே நம் ஜில்லாவைப் போன்ற 'கவுண்டி' என்னும் பிரிவு கிராமச் சாலைகளைக் கவனிக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில், நகரம் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டதும் அங்குள்ள கவுண்டிச் சாலை நகரத் தெருவாகிவிடும். பக்கத்திலுள்ள ஆரிகன் மாநிலத்திலோ, கவுண்டி மாற்றிக் கொடுக்கவும் நகரம் ஏற்கவும் வேண்டும். அதுவரை பொறுப்பு கவுண்டியினுடையதே. பழுதான சாலையை எந்த நகரம் விரும்பி ஏற்கும்? முதலில் செப்பனிட்டுக் கொடு என்று கேட்பது இயல்புதானே.

நான் முன்பு பணியாற்றிய ஒரு வட்டாரத்தில் இதற்கு ஒரு பாடம் கிடைத்தது. ஒரு யூனியன் சாலையின் பாதி, நகர எல்லைக்குள் சென்றது. எந்த இடத்தில் வெட்டுப்பட்டது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஐப்பசி மழையில் எல்லையருகே இருந்த சிறுபாலம் இடிந்தது. நகர அலுவலகம் எங்களைக் காட்டியது. நாங்கள் நகரத்தைக் காட்டினோம். குற்றம் இரு பக்கமும் இருந்தது. அவ்வாண்டு மணிலா மூட்டைகளை உழவர்கள் தலைச்சுமையாக ஓடையைக் கடத்தினார்கள். கூட்டு அளவை செய்து பாலத்தைக் கட்டி முடிக்க இரண்டு கோடைகள் ஆயின.

இணைப்புக்கு முன்னரே பஞ்சாயத்து செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு; அதற்குச் செலவும் மிகக் குறைவு. சாலைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, உறுப்பினர்களும் கிராம நிர்வாக அலுவலரும் ஊர் முழுதும் ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும். ஒவ்வொரு சாலைக்கும் சர்வே எண், நீளம், அகலம், மண்ணா தாரா, சிறுபாலம் எத்தனை, எந்த நிதியில் எப்போது போடப்பட்டது என்பவற்றை எழுதுக. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலையானால், ஒப்பந்தக்காரர் ஐந்தாண்டு பராமரிக்கக் கடமைப்பட்டவர். அவ்வொப்பந்தத்தின் நகல் காணாமற் போனால் நஷ்டம் நமக்கே.

எல்லாவற்றிலும் முக்கியம், கழனிப் பாதையும் சுடுகாட்டுப் பாதையும். தாத்தா காலத்திலிருந்து வண்டி ஓடுகிறது என்பது நமக்குத் தெரியும். நகரத்துப் பொறியாளருக்கு எப்படித் தெரியும்? அவர் கையிலுள்ள பட்டியலில் இல்லாத பாதைக்கு அவர் பணம் ஒதுக்க இயலாது. மனைப்பிரிவுகள் பெருகும்போது அப்பாதை வேலிக்குள் அடங்கிவிடவும் கூடும். கிராமப் படத்தில் வண்டிப்பாதைப் புறம்போக்காகக் காட்டியிருந்தால் அதைப் பதிவேட்டில் ஏற்றுவது எளிது. பட்டா நிலத்தின் மேல் செல்லும் பாதையானால் உடையவரின் சம்மதத்தை எழுத்தில் பெறவேண்டும். இதில்தான் மனஸ்தாபம் வரும். ஊர்ப் பெரியவர்கள் முன்நின்றால் தீரும்.

இப்படித் தயாரான பட்டியலைக் கிராம சபையில் படித்துத் தீர்மானமாக்கலாம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாள்களில் சபை கூடுகிறது. இவற்றுள் அருகில் வரும் நாளே போதும். தீர்மானத்தின் நகல்களை மாவட்ட ஆட்சியருக்கும், யூனியன் அலுவலகத்துக்கும், மாநகராட்சி ஆணையருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டுகளைப் பதிவேட்டோடு தைத்து வைக்கவும்.