லயத்துக்கு வரும் இணையம்: சாவி யார் கையில்?

பகாவ் வட்டாரத்துத் தோட்டங்களுக்கு நாங்கள் கூட்டத்துக்குப் போனால் சம்பளம், வீடு, தண்ணீர் என்ற பேச்சோடு இப்போது இன்னொன்றும் வருகிறது. "லயத்துல லைன் கெடைக்கலீங்க, ஏதாச்சும் பண்ணுங்க" என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பள்ளிக்கூடம் வீட்டுக்குள் புகுந்த காலத்தை யாரும் மறக்கவில்லை. சேமநிதிக் கணக்குப் பார்ப்பதுகூட இன்று கைப்பேசியில்தான்.

அதே 2020இல் அரசாங்கம் ஜெண்டேலா திட்டத்தைத் தொடங்கியது. மக்கள் வசிக்கும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி என்பது 2022 இறுதிக்கு வைத்த இலக்கு. ஆனால் லயத்துக் கடைசி வீட்டில் கைப்பேசி வேலை செய்கிறதா என்பதை விழுக்காடு சொல்லாது.

ஆபீசுக்கு வரும் இணையத்தை லயத்துக்கும் வைஃபையாகப் பரப்பித் தரும்படி நிர்வாகத்தைக் கேட்கலாம். விஷயம் தெரிந்து கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஆபீஸ் வாசலில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டு, "கொடுத்தாச்சு" என்பார்கள்.

திருவிழாவுக்கு மரத்தில் கட்டும் ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். சத்தத்தைக் கூட்டினால் அடுத்த டிவிஷன் வரை கேட்கும். வைஃபை அப்படியல்ல. பெட்டி கத்தினால் போதாது, நம் கைப்பேசியும் பதில் சொல்ல வேண்டும். அதற்கோ சின்னக் குரல். ஆகவே ஒரு பெரிய பெட்டியைவிட லயத்துக்கு ஒன்றாகச் சிறு பெட்டிகளே மேல். அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே அலைவரிசையில் பேசினால் ஒன்றையொன்று அமுக்கிவிடும். சாதாரண 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மோதாமல் நிற்பவை 1, 6, 11 என்ற மூன்றே. அவற்றை மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

ஆபீசிலிருந்து லயத்துக்குக் கம்பத்தின் மேல் திசை ஆண்டெனா வைப்பார்கள். இரண்டும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். நடுவில் செம்பனை நின்றால் போச்சு. மட்டையில் உள்ள நீர் அலையை விழுங்கிவிடும், மழையில் நனைந்தால் இன்னும் மோசம். இன்று கன்றாக நிற்கும் மறுநடவுக் காடு, பத்து வருஷத்தில் கம்பத்தையே மறைத்துவிடும். இதெல்லாம் பட்டணத்திலிருந்து வந்து படம் போடுகிறவருக்குத் தெரியாது. மண்டோருக்கும் குலை வெட்டுகிறவருக்கும் தெரியும். அவர்களை உடன் அழைத்து நடக்கட்டும். கம்பத்துக்கு இடிதாங்கியும் வேண்டும். நம் ஊர் இடி சும்மா விடாது.

எங்கள் பெரிய கவலை பூட்டைப் பற்றியது. ஒரே கடவுச்சொல்லைப் பெரட்டுக் களத்தில் எழுதி ஒட்டினால் அது பூட்டே அல்ல. டபிள்யு.பி.ஏ.2 என்ற பூட்டில், அந்தச் சொல் தெரிந்த ஒருவன் அடுத்தவர் போக்குவரத்தை ஒட்டுக்கேட்க வழியுண்டு. 2018இல் வந்த டபிள்யு.பி.ஏ.3 அதைவிடப் பத்திரம். வீட்டுக்கு வீடு தனிச் சொல் கொடுப்பது இன்னும் நல்லது. அந்நியத் தொழிலாளர் வீடுகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இன்னொன்று. யார், எப்போது, எந்தத் தளத்துக்குப் போனார் என்ற பதிவை ஆபீஸ் பெட்டியில் வைத்துக்கொள்ள முடியும். வாட்ஸ்அப்பில் எழுதியது ஒட்டிய உறைக்குள் போகிறது, படிக்க முடியாது. உறை போனது மட்டும் தெரியும். சங்கத்துக்குப் புகார் எழுதுகிறவர் இதை மனதில் வைக்க வேண்டும். எந்தப் பதிவை வைப்பார்கள், எத்தனை நாள், யார் பார்ப்பார் என்பதை நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். வேலைத் தகராறு வந்தால் இணையத்தை வெட்டக்கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

எந்தப் பூட்டு போட்டாலும், பேங்கிலிருந்து வரும் டேக் நம்பரை நாமே வாய்விட்டுச் சொன்னால் பணம் போய்விடும். கேட்பவன் போலீஸ் என்றாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 997க்கு அடியுங்கள். மோசடிப் புகாருக்காக 2022இல் தொடங்கிய தேசிய மையத்தின் எண் அது.