அனுப்புமுன் ஒரு சோதனை

கொழும்பிலிருந்து மலைநாடு நோக்கிச் சென்ற புகையிரதப் பாதை 1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டியை எட்டியது. பின்னர் 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. நாவலப்பிட்டிக்கு அப்பால் வட்டவளை, அட்டன் என்று மலையேறும் அந்தப் பாதை ஒற்றைப் பாதை. நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் அங்கே உண்டு. மேலிருந்து இறங்கும் வண்டிக்கும் கீழிருந்து ஏறும் வண்டிக்கும் ஒரே தண்டவாளந்தான்.

அப்பாதையில் தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வந்த ஒரு செயலை நேயர்கள் பலர் மேடையில் நின்று கண்டிருப்பர். பெரியதொரு வளையத்தில் தோற்பை ஒன்று தொங்கும். புகையிரதச் சாரதி ஒரு வளையத்தை நிலைய ஊழியரிடம் நீட்டி, வேறொன்றை அவரிடமிருந்து வாங்கிக் கொள்வார். அந்தப் பைக்குள் இருப்பது ‘டேப்லட்’ எனப்படும் வட்டத் தகடு. எந்த நிலையத்திற்கும் எந்த நிலையத்திற்கும் இடையே செல்ல அனுமதி என்பது அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. மறுமுனையிலுள்ளவர் இசைந்தாலன்றித் தகடு வெளிவராது. ஒரு தகடு வெளியே இருக்கும்வரை, அது மீண்டும் ஒரு கருவிக்குள் போடப்படும்வரை, இரு முனைகளிலும் வேறு தகடு எடுக்க இயலாது.

இந்த ஏற்பாடு பிறந்த கதை துயரமானது. பாதை நாவலப்பிட்டிக்கு வந்த அதே 1874ஆம் ஆண்டு, செப்டம்பர் 10ஆம் திகதி இரவு, இங்கிலாந்தில் நோரிச் நகருக்கு அருகேயுள்ள தோர்ப் என்னுமிடத்தில் ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. எதிர்ப்புறமிருந்து தபால் வண்டியை வரவிடலாம் என்ற தந்தி, பொறுப்பான அதிகாரி கையொப்பமிடுமுன்பே அனுப்பப்பட்டுவிட்டது. இப்பக்கத்திலிருந்தோ விரைவு வண்டி புறப்பட்டுவிட்டது. தந்தியை மீட்க முயன்றபோது தபால் வண்டியும் கிளம்பியிருந்தது. இத்தகைய பிழை மீண்டும் நேராதிருக்க எட்வர்ட் டயர் என்பார் 1878இல் வகுத்ததே தகட்டுக் கருவி.

அனுப்பிய பின் திரும்பப் பெற முடியாத பொருள்கள் உலகில் பல. கணினி நிரலும் இன்று அவற்றுள் ஒன்றாகிவிட்டது. கணினிக்கு இன்னது செய் என்று ஆணையிடும் எழுத்துத்தொகுதியே நிரல். பலர் கூடி ஒரு நிரலை எழுதும்போது யார் எதை எப்போது மாற்றினார் என்பதைக் குறித்து வைக்கப் பதிப்புக் கட்டுப்பாடு என்னும் முறை வேண்டப்படுகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய ‘கிட்’ என்பதே இதற்குப் பெருவழக்காக உள்ள மென்பொருள். நிரலாளர் தம் கணினியில் மாற்றங்களை முதலிற் பதிந்து கொள்கிறார். அதற்குக் ‘கமிட்’ என்று பெயர். பின்னர் அப்பதிவுகளை யாவருக்கும் பொதுவான களஞ்சியத்திற்கு அனுப்புகிறார். அதற்குப் ‘புஷ்’ என்று பெயர். முதற்செயல் வீட்டுக்குள் நடப்பது. தவறினால் திருத்திக் கொள்ளலாம். இரண்டாவது, வண்டி நிலையத்தை விட்டுப் புறப்படுவதை ஒக்கும்.

புறப்பட்டால் என்ன கேடு வந்துவிடும் என்று வினவுவோர் டொயோட்டா நிறுவனம் 2022 ஒக்டோபரில் வெளியிட்ட அறிவித்தலை நோக்கலாம். அந்நிறுவனத்தின் ‘டி-கனெக்ட்’ என்ற வாகனச் சேவைக்குரிய நிரலின் ஒரு பகுதியை, அதனை ஆக்கிய ஒப்பந்தக்காரர் 2017 டிசம்பரில் ‘கிட்ஹப்’ தளத்திலுள்ள ஒரு களஞ்சியத்திற்கு அனுப்பினார். அக்களஞ்சியம் எவரும் காணத்தக்கதாய் அமைந்திருந்தது. நிரலினுள்ளே தரவுகளைத் திறக்கும் திறவுகோலும் எழுதப்பட்டிருந்தது. 2022 செப்டம்பர் வரையில், ஏறத்தாழ ஐந்தாண்டுக்காலம், இதை எவரும் கவனிக்கவில்லை. 2,96,019 வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியாகியிருக்கக் கூடும் என்று நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. அத்திறவுகோல் நிரலிற் கிடந்தது ஒரு வரியே. இயந்திரம் ஒன்று படித்துப் பார்த்திருந்தால் நொடியிற் பிடிபட்டிருக்கும்.

அவ்வாறு படித்துப் பார்க்கும் வாய்ப்பைக் கிட் மென்பொருளே அளிக்கிறது. பதியுமுன், அனுப்புமுன் என்று சில குறித்த தருணங்களில், நிரலாளர் முன்கூட்டியே எழுதி வைத்த சிறு கட்டளைக்கோவை ஒன்றை அது தானாக இயக்கும். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஹுக்’ என்று பெயர். தமிழிற் கொளுக்கி எனலாம். அனுப்புமுன் இயங்கும் கொளுக்கி 2013இல் கிட் மென்பொருளிற் சேர்ந்தது. கட்டளைக்கோவை தன் வேலையை முடித்துச் சுழி என்ற எண்ணைத் திருப்பித் தந்தால் அனுப்புதல் தொடரும். வேறு எந்த எண்ணைத் தந்தாலும் அனுப்புதல் நின்றுவிடும். இரகசியத் திறவுகோல் ஏதும் உள்ளதா, சோதனைகள் யாவும் தேறுகின்றனவா, பெருங்கோப்பு ஏதும் தவறிச் சேர்ந்துள்ளதா என்பனவற்றை அது பார்க்கலாம்.

சொல்வதற்கு எளிதான இவ்வேலையிற் பிழைபடும் இடங்கள் உள்ளன. அவற்றுள் மிக நுட்பமானது, எதைச் சோதிப்பது என்பதே. நிரலாளர் ஒரு பிழையைக் கண்டு கோப்பிலே திருத்திவிடுகிறார். ஆனால் அத்திருத்தத்தைப் பதிய மறந்துவிடுகிறார். கொளுக்கி அவருடைய மேசையிலுள்ள கோப்பை எடுத்துச் சோதிக்கிறது. அது சரியாகவே இருக்கிறது. அனுமதி கிடைக்கிறது. ஆயின் களஞ்சியத்திற்குச் செல்வதோ, திருத்தப்படாத பழைய பதிவு. தரிப்பிடத்தில் நிற்கும் பெட்டியின் தடையைச் சோதித்துவிட்டு, வேறொரு பெட்டியை வண்டியிற் பூட்டி அனுப்புவது போன்றது இது. அனுப்பப்படும் பதிவுகள் இவை என்று கிட் கொளுக்கிக்கு எடுத்துச் சொல்லவே செய்கிறது. அப்பதிவை வேறோர் அடைவில் விரித்து, அங்கே சோதனையை நடத்துவதே செம்மையான வழி.

திறவுகோலைத் தேடும்போது இதனினும் ஒருபடி ஆழமாகப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை பதிந்த திறவுகோலைச் செவ்வாய்க்கிழமை அழித்துப் பதிந்தால் கடைசி நிலையில் அது தென்படாது. ஆனால் வரலாற்றைக் காப்பதே பதிப்புக் கட்டுப்பாட்டின் தொழில். திங்கட்கிழமைப் பதிவும் கூடவே பயணம் செய்யும். ஆதலால் இடைப்பட்ட பதிவுகள் ஒவ்வொன்றையும் கொளுக்கி புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

மற்றொரு பிழை திரும்பும் எண்ணைப் பற்றியது. கட்டளைக்கோவை ஒன்றிற் பல கட்டளைகள் வரிசையாக நிற்கும்போது, வேறு ஏற்பாடு செய்யாவிடின், இறுதிக் கட்டளையின் முடிவே முழுக் கோவையின் முடிவாகக் கொள்ளப்படும். சோதனை தோற்றுப் போயிருக்கும்; அதற்கு அடுத்த வரி, ‘சோதனை முடிந்தது’ என்று திரையில் எழுதுவதாக இருக்கும். எழுதுதல் வெற்றியாக நிறைவேறும். சுழி திரும்பும், வண்டி புறப்படும்! பிழை கண்ட இடத்திலேயே நின்றுவிடு என்று கோவையின் தலைப்பில் ஒரு வரி எழுதுவதால் இத்தகைய பிழைகளிற் பெரும்பாலானவை தவிர்க்கப்படும். சோதனை என்ற பெயரில் உண்மையான வாடிக்கையாளர் தரவுகளைத் தொடாதிருப்பதும் இன்றியமையாதது. தானாக இயங்கும் பொருள், எவரும் எண்ணிப்பாராத நேரத்திலும் இயங்கும் அன்றோ?

இவ்வளவு செய்தும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. அனுப்பும் கட்டளையோடு ‘நோ-வெரிஃபை’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் கொளுக்கி இயங்காது. இதனைக் குற்றமென்று கொள்வதற்கில்லை. கணினிக்கு உடையவர் தம் கணினியில் எஜமானராகவே இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் காக்க வைக்கும் கொளுக்கி, அச்சொல்லைத் தட்டச்சுச் செய்யும் பழக்கத்தையே ஊழியருக்குக் கற்பிக்கிறது. ஆதலின் அனுப்புமுன் செய்யும் சோதனை சில நொடிகளில் முடிவதாக இருத்தல் நலம். நீண்ட சோதனைகளைக் களஞ்சியம் இருக்கும் மறுமுனையில் வைத்துக் கொள்ளலாம்.

மறுமுனைக் காவலே உண்மையான காவல். தகட்டுக் கருவியின் சிறப்பும் இதுவே: வண்டியை எடுக்கலாமா என்பதைச் சாரதியின் நினைவாற்றலுக்கு விட்டுவிடாமல், அடுத்த நிலையத்தின் இசைவோடு பிணைத்தது அது. களஞ்சியத்தின் வாயிலிலும் வருவதைச் சோதித்து ஏற்கவோ மறுக்கவோ ஏற்பாடு செய்யலாம். கிட்ஹப் தளம் 2024இல் பொதுக் களஞ்சியங்கள் யாவற்றிற்கும் அத்தகைய தடுப்பை இயல்பாகவே அமைத்தது. அவ்வாண்டின் முதல் எட்டு வாரங்களில் மட்டும் பொதுக் களஞ்சியங்களில் 10 இலட்சத்துக்கும் அதிகமான இரகசியங்கள் கசிந்திருக்கக் கண்டதாக அத்தளம் அறிவித்தது. அங்ஙனமாயின் தம் கணினியிலுள்ள கொளுக்கி எதற்கு என்று கேட்கலாம். மறுமுனை தடுப்பதற்கு முன்பே பிழையைக் கண்டால் திருத்துவது எளிது. இரகசியம் கணினியை விட்டு வெளியே செல்லவும் இல்லை. இரண்டும் வேண்டும்.

காவற்காரனையே யார் காப்பது என்ற வினா இனி எழுகிறது. கொளுக்கி வெறும் சோதனைத் தாள் அன்று. அதுவும் ஒரு நிரலே. அதை இயக்குபவருக்கு உள்ள அதிகாரம் முழுவதும் அதற்கும் உண்டு. அவர் படிக்கக்கூடிய கோப்பை அது படிக்கும். அவர் அழிக்கக்கூடியதை அது அழிக்கும். இதனாலேயே, பிறருடைய களஞ்சியத்தை ஒருவர் பிரதி எடுக்கும்போது அங்குள்ள கொளுக்கிகள் உடன் வருவதில்லை. கிட்டை வகுத்தோர் வேண்டுமென்றே அமைத்த வேலி இது. அவ்வேலியிலும் ஒரு பொத்தல் 2024 மே மாதத்தில் வெளிப்பட்டது. சூழ்ச்சியாக அமைத்த களஞ்சியத்தைச் சிலவகைக் கணினிகளிற் பிரதி எடுக்கும்போதே அந்நியர் எழுதிய கொளுக்கி இயங்கிவிட வழியிருந்தது. புதிய பதிப்புகள் வெளியிடப்பட்டு அது அடைக்கப்பட்டது. பழைய கிட்டைப் புதுப்பிக்காது வைத்திருப்போருக்கு அந்த அடைப்பினாற் பயன் இல்லை.

சில குழுக்கள் கொளுக்கிகளைக் களஞ்சியத்தினுள்ளேயே வைத்து, எல்லோரும் அவற்றைப் பயன்படுத்துமாறு அமைத்துக் கொள்கின்றன. இது வசதியானது, ஆனால் இன்று படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட கட்டளைக்கோவையை நாளை வேறொருவர் மாற்றக்கூடும். அம்மாற்றம் புதிய பதிவுகளோடு சேர்ந்து இறங்கி, மறுநாள் தானாக இயங்கும். எனவே கொளுக்கிக் கோப்புகளில் நேரும் மாற்றத்தை மட்டுமேனும் ஒருவர் கண்ணால் வாசித்த பின்னரே ஏற்பது என்று விதி செய்தல் தகும்.

வாசிக்காமல் கைமாற்றுவதன் விளைவைத் தகட்டுக் கருவியின் வரலாறே காட்டியிருக்கிறது. 1921 ஜனவரி 26ஆம் திகதி, வேல்ஸ் நாட்டில் அபர்மியூல் நிலையத்திற்கு வந்த வண்டியின் சாரதி, தாம் கொண்டுவந்த தகட்டைக் கொடுத்தார். ஊழியரிடையே கைமாறி அதே தகடு அவரிடமே திரும்பி வந்தது. அடுத்த பகுதிக்குரிய தகடு என்று கொடுத்தவரும் எண்ணினார், வாங்கியவரும் எண்ணினார். பொறித்திருந்த பெயரை எவரும் படிக்கவில்லை. எதிரே சரியான தகட்டோடு விரைவு வண்டி வந்து கொண்டிருந்தது. மோதலிற் பதினேழு உயிர்கள் மாண்டன. அன்று கருவிகள் பழுதின்றியே இருந்தன.

நிரலுலகில் இதனையொத்த நிகழ்ச்சி 2025 மார்ச்சில் நடந்தது. மாறிய கோப்புகள் எவை என்று கண்டு சொல்லும் சிறு தானியங்கிக் கருவியொன்றைக் கிட்ஹப்பில் 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் தம் மறுமுனைச் சோதனைகளிற் பயன்படுத்தி வந்தன. அதன் பதிப்புகளைக் குறிக்கும் பெயர்ச்சீட்டுகளை யாரோ களவாக மாற்றி, தீய பதிவொன்றைச் சுட்டுமாறு செய்துவிட்டனர். பெயர் பழைய பெயர், உள்ளிருந்ததோ வேறு. சோதனை ஓடியபோது அது இரகசியத் திறவுகோல்களைக் குறிப்பேட்டிலே எழுதி வைத்தது. அக்குறிப்பேடு பொதுவில் இருந்த இடங்களில் எவரும் அதைப் படிக்கலாம். பெயர்ச்சீட்டை நம்பாது, பதிவின் 40 எழுத்து அடையாளத்தையே முழுமையாகக் குறித்து, முன்னரே பார்த்தறிந்த பதிவைப் பயன்படுத்தியோருக்குப் பெயர்ச்சீட்டு மாற்றத்தாற் கேடு நேரவில்லை. ஒரு பதிவின் உள்ளடக்கம் மாறினால் அந்த அடையாளமும் மாறிவிடும். பெயரை மாற்றி ஒட்டுவது போல அதை ஒட்ட முடியாது.

கொளுக்கி ஒன்றைப் புதிதாக எழுதியவர், அது தடுக்கும் என்று நம்பிவிடாமல், தடுக்கிறதா என்று பார்ப்பதற்கு எளிய வழி உண்டு. தம் கணினியிலேயே வேறோர் அடைவில் வெற்றுக் களஞ்சியம் ஒன்றை அமைத்து, அதனையே அனுப்பும் இடமாகக் கொள்ளலாம். திறவுகோல் போலத் தோன்றும் பொய்யான எழுத்துவரி ஒன்றைப் பதிந்து, அடுத்த பதிவில் அதை அழித்து, பின் அனுப்பிப் பார்க்கலாம். கொளுக்கி நிறுத்தினால் நன்று. நிறுத்தாவிடின், இழப்பேதுமின்றிக் குறை தெரிந்தது. அந்த வெற்றுக் களஞ்சியத்தை அழித்துவிட்டுக் கட்டளைக்கோவையைத் திருத்தலாம்.

உண்மையான திறவுகோலே வெளியே போய்விட்டதாயின், களஞ்சியத்திலுள்ள வரியைத் தேடி அழிப்பதில் முதற்பொழுதைக் கழித்தல் ஆகாது. அதற்குள் எத்தனை பேர் பிரதி எடுத்தனரோ! முதலில் அந்தத் திறவுகோலைச் செல்லாததாக்கிப் புதியதொன்று பெற வேண்டும். பழையது எங்கெங்கே பயன்படுத்தப்பட்டது என்று சேவையின் குறிப்பேடுகளிற் பார்க்க வேண்டும். வரலாற்றிலிருந்து அந்த வரியை நீக்கும் வேலை அதன் பின்னர்.